ஓடை பக்கத்தில் ஓடினாலும் குடிதண்ணீரைக் கொண்டுதான் போக வேண்டும்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு பேர் கேம்பர் வேனில் (படுக்கை, சமையல் வசதியோடு உள்ள வண்டி) கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறோம். மன்னவனூர் பக்கம் நண்பரின் தோட்டத்தில் ஐந்து நாள் தங்கல். மின்சாரம், குழாய் எதுவும் கிடையாது. வேனில் 100 லிட்டர் தொட்டி இருக்கிறது. தோட்டத்தை ஒட்டி ஓடை ஓடுகிறதாம். தண்ணீர் போதுமா? ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏற்றாதீர்கள். ஓடைத் தண்ணீருக்கு உங்கள் பயணத்தில் நல்ல வேலை இருக்கிறது, ஆனால் அது வேனின் தொட்டிக்குள் போகவே கூடாது. அதற்கு நான் கண்ணால் பார்த்த காரணம் ஒன்று உண்டு.

ஒன்பது ஆண்டுகளாக என் வேனுடன் மேல்மலைக்குப் போய்வருகிறேன். தொடக்கத்தில் நானும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தவன்தான். ஒரு நாள் காலையில் குடத்தை நிரப்பிக்கொண்டு நின்றேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடந்த கூழாங்கல்லின் வரிகள்கூடத் தெரிந்தன. இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆசையில் ஓடையோரமாகவே மேலே ஏறினேன். பத்து நிமிட ஏற்றத்தில் ஒரு கேரட் வயல். கரையில் ஒரு விவசாயி மருந்து தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கி வைத்து, தண்ணீர் மொண்டு ஊற்றி, ஒரு மூடி மருந்தைக் கலந்தார். பிறகு அந்த மூடியை ஓடையில் அலசினார். பால் சிந்தியதுபோல ஒரு வெண்மை தண்ணீரில் விரிந்தது, நான்கு எட்டுத் தூரம் போவதற்குள் கரைந்து மறைந்தது. அதற்குக் கீழே மறுபடியும் அதே தெளிவான தண்ணீர். என் குடத்தில் இருந்ததும் அதுதான்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் பக்கத்தில் இருப்பது அந்த ஓடை ஒன்றுதான். பூம்பாறையில் தொடங்கி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வரைக்கும் மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வயல்கள்: பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். எல்லாம் உரமும் மருந்தும் கேட்கும் பயிர்கள். மழை பெய்தால் அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு வரும் நீர் ஓடையில்தான் சேருகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். பூச்சிமருந்தும் உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். நைட்ரேட் விஷயத்தில் இன்னும் மோசம்: தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். கரி வடிகட்டி சில மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்தக் கரி எப்போது நிறைந்து போயிற்று என்று கண்ணால் தெரியாது. வீட்டில் பயன்படுத்தும் ஆர்.ஓ. இயந்திரம் இவற்றைப் பெருமளவு நீக்கும், ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு சொம்புக்கும் கணக்குப் பார்க்கும் வேனில் அதற்கு இடமில்லை.

மேலே வயலே இல்லாமல் சோலைக்காட்டிலிருந்து நேராக இறங்கி வரும் ஓடை என்றால் கதை வேறு. சோலை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்று பல மாதங்களுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். ஆனால் அந்தக் காடுகள் வனத்துறையின் காப்புக்காடுகள். அனுமதியின்றி அங்கே நுழையவோ தங்கவோ முடியாது. நண்பரின் தோட்டத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் போன இடத்தில் கால் மணி நேரம் நடந்தே பார்த்துவிடுங்கள்.

இப்போது முதல் கேள்வி, 100 லிட்டர் போதுமா என்பது. நான்கு பேர், ஐந்து நாள். ஆளுக்கு ஒரு நாள் என்று எண்ணினால் 20 ஆள்-நாள். குளிப்பதை விட்டுவிட்டு, சிக்கனமாக இருப்பவர்களுக்கு என் அனுபவக் கணக்கு இது. குடிக்க, காபி டீ போட, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5 லிட்டர். பாத்திரம் கழுவ 2. பல் துலக்க, முகம் கை கழுவ 2. கழிவறைக்கு 3. மொத்தம் 12 லிட்டர், இருபதால் பெருக்கினால் 240. உங்கள் தொட்டி அதில் பாதிகூட இல்லை. ஆனால் பெரிய தொட்டி வாங்க ஓட வேண்டாம். 240 லிட்டரும் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பிடிபட வேண்டிய விஷயம்.

குடிதண்ணீரைத் தனியாக 20 லிட்டர் கேன்களில் வையுங்கள். மூன்று கேன் போதும். மூன்றாம் நாள் அதில் ஒன்றை மறுபடி நிரப்பினால் 80 லிட்டர் ஆயிற்று. குடிப்பதும் பல் துலக்கிக் கொப்பளிப்பதும் இதிலிருந்து மட்டும். தொட்டியில் இருக்கும் 100 லிட்டர், நல்ல குழாய்த் தண்ணீராகவே இருந்தாலும், அரிசி பருப்பு வேகவைக்க 20, பாத்திரத்துக்கு 40, முகம் கை கழுவ 40 என்று போகும். கழிவறைக்கு வேண்டிய 60 லிட்டரை ஓடையிலிருந்து வாளியில் கொண்டுவந்து, மூடி போட்ட தனி டிரம்மில், வேனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பாருங்கள், 240 வருகிறது. குளித்தே ஆக வேண்டும் என்பவருக்கும் அந்த ஓடைத் தண்ணீர்தான், அரை வாளி வெந்நீராக. வாயில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரம்முக்கு ஒரு நிறம், கேனுக்கு ஒரு நிறம் என்று துணி கட்டிவிடுங்கள். இருட்டில் பாதித் தூக்கத்தில் எழுபவர் எதில் சொம்பை விடுவார் என்று சொல்ல முடியாது.

கேன் என்றதும் ஒன்று. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி விதிக்கிறார்கள். ஒரு லிட்டர் பாட்டில்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போகும் எண்ணம் இருந்தால் கீழேயே விட்டுவிடுங்கள். குடிக்க ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு) வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தொட்டியை எங்கே நிரப்புவது? 100 லிட்டர் என்றால் 100 கிலோ. வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை முழுவதும் அதை ஏற்றிக்கொண்டு போவதைவிட, மேலே போய் நிரப்புவது வண்டிக்கு நல்லது. டிசம்பரில் அது முடியும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருக்கும்; மனோரஞ்சிதம் அணை, அப்சர்வேட்டரி அணை என்று நகருக்குத் தண்ணீர் தரும் இடங்களில் இருப்பு இருக்கும். கொடைக்கானலில் ஒரு விடுதியில் பணம் கொடுத்துக் கேட்டால் நிரப்பிக்கொள்ள விடுவார்கள். இதையே ஏப்ரல், மே மாதத்தில் செய்யாதீர்கள். கோடையில் நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும். அப்போது கீழேயே நிரப்பி வருவதுதான் முறை. எங்கே நிரப்பினாலும் முழுதாக நிரப்புங்கள், அல்லது காலியாக ஓட்டுங்கள். அரைத் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். அந்த அடி ஸ்டியரிங்கில் தெரியும்.

ஊர்க்குழாயில் பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வெளியூர்க்காரர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மேல்மலை ஊர்கள் பலவற்றில் குழாயில் தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வரும். ஒரு முறை நான் ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே வரிசையில் ஏழெட்டுக் குடங்கள். ஒரு பாட்டி என் பைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்கள் குடமெல்லாம் நிறையட்டும் தம்பி, அப்புறம் உன் குழாயை மாட்டு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் நின்றேன். கடைசிக் குடம் நிறைந்ததும் அவரே கூப்பிட்டார். ஆனால் தண்ணீர் அதற்குள் நூலாகிவிட்டிருந்தது, ஒரு கேன்கூட நிறையவில்லை. அன்றிலிருந்து ஊர்க்குழாயில் கேனில்தான் பிடிக்கிறேன், அதுவும் ஒன்றே ஒன்று, கேட்டுவிட்டுத்தான். நூறு லிட்டர் என்பது அங்கே ஏழு குடும்பங்களின் ஒரு வேளைக் குடம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தொட்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டியின் உட்சுவரைத் தொட்டுப் பார்த்தால் வழவழவென்று ஒரு படலம் கையில் வரும். கடையில் கிடைக்கும், வாசனை சேர்க்காத, 5 சதவீத குளோரின் திரவம் லிட்டருக்கு ஒரு மில்லி, அதாவது உங்கள் தொட்டிக்கு 100 மில்லி. நீரை நிரப்பி அதை ஊற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் வடித்து, இரண்டு முறை நல்ல நீரால் அலசுங்கள். நிரப்பும் ஹோஸ் பைப் தனியாக இருக்கட்டும். தோட்டத்துக்குப் பாய்ச்சும் பச்சைப் பைப் வேண்டாம்.

மூன்றாம் நாள் நிரப்பும் கேன் தண்ணீரை என்ன செய்வது? ஊர்க்குழாய்த் தண்ணீரானாலும் கொதிக்கவையுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமிகள் சாக அந்தச் சூடு போதும், ஆனால் தளதளவென்று கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள். (இதே காரணத்தால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள். எரிவாயுவும் தண்ணீரும் இரண்டுமே மிச்சம்.) 20 லிட்டரை முழுவதும் கொதிக்கவைக்கச் சுமார் 300 கிராம் எரிவாயு செலவாகும். ஐந்து கிலோ சிலிண்டருக்கு அது பெரிய செலவில்லை. அவசரத்துக்குக் குளோரின் மாத்திரை வைத்துக்கொள்ளலாம். அட்டையில் எழுதியுள்ள அளவுப்படி போடுங்கள். ஆனால் குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். அரை மணி நேரம் என்று போட்டிருந்தால் மேல்மலை டிசம்பரில் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். மழை பெய்து தண்ணீர் கலங்கி இருந்தால் முதலில் தெளியவிட்டு, வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்ட வேண்டும். நம் பாட்டிமார் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசித் தெளியவைத்தார்கள். இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது, அழகாகத் தெளியும். தெளிந்த நீரைக் கொதிக்கவைக்கும் வேலை அதற்குப் பிறகும் இருக்கிறது.

டிசம்பர் என்பதால் உறைபனியைச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் மன்னவனூர்ப் புல்வெளி சில நாள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். வெளியே கிடக்கும் ஹோஸ் பைப்பில் நின்ற நீர் உறைந்து இணைப்புகளை விரிசல் விடச் செய்யலாம். இரவில் கழற்றி வடித்து உள்ளே வையுங்கள். நுண்குழல் சவ்வு (நூல்போன்ற மெல்லிய குழல்களால் நீரை வடிகட்டுவது) உள்ள கையடக்க வடிகட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு முறை பயன்படுத்தி ஈரமான பிறகு அது உறைந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியோடு வரும். நான் அதைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

அடுத்தது பம்ப். கேம்பர் வேன்களில் 12 வோல்ட் பம்ப் இருக்கும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், உடனே தானாக ஓடும். எங்காவது ஓர் இணைப்பில் கசிவு இருந்தாலும் அதற்குக் குழாய் திறந்ததாகவே கணக்கு. என் வேனில் ஒரு நள்ளிரவு ‘ட்ர்ர்’ என்று ஒரு சத்தம், சற்று நேரம் அமைதி, மறுபடி ‘ட்ர்ர்’. தூக்கத்தில் ஏதோ வண்டு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன். விடியற்காலை கால் வைத்தபோது தரைவிரிப்பு சொதசொதவென்று இருந்தது. பாத்திரத்தொட்டிக்குக் கீழே இருந்த கிளிப் ஒன்று மலைச்சாலைக் குலுக்கலில் தளர்ந்திருந்தது. 60 லிட்டர் தண்ணீர் போயிற்று, அதோடு பேட்டரியும் இறங்கிவிட்டிருந்தது. இப்போது பம்பின் சுவிட்சைத் தண்ணீர் எடுக்கும் நேரம் தவிர அணைத்தே வைக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக டார்ச் அடித்து எல்லா இணைப்புகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். நீர்மட்டம் காட்டும் விளக்குகளை நம்பாதீர்கள். வண்டி சரிவில் நின்றால் அவை பொய் சொல்லும்.

உண்மையில் நான் குழாயைப் பெரும்பாலும் திறப்பதே இல்லை. காலையில் தொட்டியிலிருந்து அன்றைய பங்கை, உங்களுக்கானால் 20 லிட்டரை, அடியில் குழாய் வைத்த கேன் ஒன்றில் இறக்கிவிடுவேன். அன்றைக்கு அவ்வளவுதான். சொம்பில் எடுக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கை தானாகச் சிக்கனமாகிறது. குழந்தைகள்கூட இரண்டாம் நாளே பழகிவிடுகிறார்கள். சாப்பாடு வாழை இலையில் அல்லது மந்தார இலையில். பாத்திரங்களை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டால் கழுவப் பாதித் தண்ணீர் போதும். எண்ணெய் அதிகம் போகும் சமையலை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். மழை வந்தால் வேனின் வெளிக்கூரைத் துணியை ஒரு பக்கம் சாய்த்து வாளி வையுங்கள். ஐந்து சதுர மீட்டர் துணியில் பத்து மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 50 லிட்டர். முதல் பத்து நிமிட நீர் தூசியோடு வரும், அதைக் கழிவறை டிரம்மில் ஊற்றிவிடலாம்.

பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்புதான். வேனுக்கு அடியில் திறந்துவிடுவது பலருக்கும் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழனி மலையின் ஓடைகள் வடக்கே குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி அணைகளுக்கும், தெற்கிலும் கிழக்கிலும் மஞ்சளாறு, மருதாநதிக்கும் இறங்குகின்றன. பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளத்து மக்கள் குடிக்கிறார்கள். கழிவுநீரை வாளியில் பிடித்து, சோற்றுப் பருக்கையைச் சல்லடையில் வடித்து எடுத்துவிட்டு, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, பரவலாக மண்ணில் ஊற்றுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் நாற்றத்துக்குக் காட்டுப்பன்றி வரும். சீயக்காய், அரப்பு என்றாலும் ஓடைக்குள் இறங்கித் தேய்த்துக் குளிக்கக் கூடாது. கழிவறை கேசட்டில் (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) நீல நிற ரசாயனம் பயன்படுத்தினால் அதைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்காதீர்கள். ஊருக்குத் திரும்பும்வரை மூடி வைத்து, வசதியுள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். தென்னை நார்த்தூள் போட்டு மூடும் உலர் கழிவறை இருந்தால் அந்த 60 லிட்டரில் பெரும் பகுதியே தேவைப்படாது. அடுத்த முறைக்கு அதை யோசியுங்கள்.

ஓடையில் தண்ணீர் எடுக்கப் பகலில் மட்டும் போங்கள். அந்தி நேரத்தில் காட்டுமாடு தண்ணீருக்கு இறங்கும். புதரோடு புதராக நிற்பதால் பத்தடி நெருங்கும்வரை தெரியாது. வாளியைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

புறப்படும் முன் நண்பரிடம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: தோட்டத்தில் வேலை செய்பவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? ‘அந்த ஓடைதான்’ என்றால் உங்கள் கேன்களை மூன்றிலிருந்து நான்காக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் நிரப்ப இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ‘இல்லை, மேலே ஓர் ஊற்று இருக்கிறது, அங்கிருந்துதான் கொண்டுவருவார்கள்’ என்று சொன்னால், அந்த ஊற்றுக்கு அவர்களில் ஒருவரோடு நடந்து போய், மேலே வயல் இல்லை என்று பார்த்துவிட்டு, அவர்கள் பிடித்த பிறகு உங்கள் கேனை வையுங்கள்.